ஒன்று புள்ளி எட்டு

எடைக்கற்களோடு திரிவது என் பிழைப்பு.
துலூத் நகரத்துக் கசாப்புக் கடை, மீன் கடை,
தபால் நிலையத்தின் சின்னத் தராசு
எதுவானாலும் வருடத்துக்கு ஒருமுறை
நான் போய்க் கல் வைத்துப் பார்க்க வேண்டும்.
தேறினால் நீலச் சீட்டு.
பிசகினால் சிவப்பு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
ஏரி உறைந்து முனகிக்கொண்டிருந்த காலை,
மருத்துவமனையிலிருந்து போன்.
"மிஸ் வூகெலிச், ஹெர்பிஸ், இரண்டாம் வகை. பாசிட்டிவ்."
புண் இல்லை, எரிச்சல் இல்லை.
எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று
நானாக நீட்டிய கை.

எண் என்ன என்றேன்.
தாள் புரளும் சத்தம்.
ஒன்று புள்ளி எட்டு.
எதற்கு மேல் போனால் பாசிட்டிவ்?
ஒன்று புள்ளி ஒன்று.
அப்படியென்றால் பாசிட்டிவ்தானே, என்றாள்
கல்லாவை மூடுகிறவள் போல.

அன்றிரவே டௌனோவிடம் சொன்னேன்.
தானியக் கிடங்கில் வேலை அவனுக்கு,
தாடியில் எப்போதும் கோதுமைத் தூசி.
"யாரிடமிருந்து?"
அவ்வளவுதான் கேட்டான்.
பல்துலக்கியை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.
ஈரம் சட்டையில் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
டயர்த் தடத்தை விடிவதற்குள் பனி மூடிவிட்டது.

தூக்கம் வராத இரவில்
இருபது வருடத் தராசுகள் ஒவ்வொன்றாய் வந்தன.
மூட்டையை ஏற்று, நிஜம் சொல்லும்.
ஒரு சிட்டிகை உப்பை வைத்தால்
யாரோ கதவு திறந்த காற்றையும் சேர்த்து நிறுக்கும்.
அடிமட்டத்தில்தான் எல்லாத் தராசும் உளறும்.
என் எண்
அந்தச் சிட்டிகை.

டாக்டர் ஷியோங் தாளில் இரண்டு வட்டம் போட்டார்.
இது உதட்டில் கொப்புளம் போடுகிற முதல் வகை,
சின்ன வயதில் எனக்கும் வந்தது.
இது இரண்டாவது.
பங்காளிகள், முகஜாடை ஒன்று.
ரத்தத்தில் ஒருவனைத் தேடப்போய்
மற்றவன் சட்டையைப் பிடித்து இழுத்துவரும் இந்தச் சோதனை.
"மூன்றரையைத் தாண்டியிருந்தால் அநேகமாக நம்பியிருப்பேன்.
இந்தப் பள்ளத்தில் விழும் எண்களில்
பாதிக்குப் பாதி பொய்யாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்."

புண் இருந்தால், அதுவும் புதிதாய், பொருக்குத் தட்டுவதற்குள்,
பஞ்சால் ஒற்றியெடுத்துக் கேட்கலாம்.
இல்லாத புண்ணை எங்கே ஒற்ற?
தொற்றிய மறுவாரமே ரத்தம் கொடுத்தாலோ
அது எதுவும் தெரியாதென்று சாதிக்கும்;
மூன்று மாதம் கழித்துத்தான் வாய் திறக்கும்.
அவர் பேசப் பேச
நான் கையுறையின் ஒரு விரலை உள்ளும் வெளியுமாய்த்
திருப்பிக்கொண்டிருந்தேன்.

எதை வைத்து இதைச் சரிபார்ப்பீர்கள், என்றேன்.
எங்கள் கற்களையே நிறுத்துப் பார்க்க
தலைக்கல் ஒன்று உண்டு,
கண்ணாடிக்குள், வெறுங்கை படாமல்.
அவர் சிரித்தார். இதற்கும் இருக்கிறது,
சியாட்டிலில்.
பனிக்கட்டிப் பெட்டியில் என் ரத்தம் மலை தாண்டிப் போனது.

மூன்று வாரம்.
பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்களை எண்ணினேன்.
இத்தனை பேரில் நாலைந்து பேருக்காவது இருக்கும் என்றிருந்தார்,
அவர்களுக்கே தெரியாமல்.
ஒருத்தி ஆரஞ்சு உரித்தாள்.
ஒரு கிழவர் டிக்கெட்டைத் தேடித் தேடிக் களைத்தார்.
இருந்தால்தான் என்ன, என்று தோன்றிய நாளும் உண்டு.
தோன்றாத நாள்தான் அதிகம்.

நெகட்டிவ்.

டௌனோவைக் கூப்பிட்டேன். பின்னால் கிடங்கின் இரைச்சல்.
"நல்லது. அப்போ நானும் சுத்தம்."
நீ ரத்தமே கொடுக்கவில்லையே.
இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு அதுவும் இல்லை.

கோப்பில் இரண்டு தாளும் இருக்கின்றன.
முதலாவதை எடுக்க முடியாதாம், விதியாம்.
ஒரு நகல் வாங்கிக்கொண்டு வந்தேன்.
வண்டியின் மேல் வைத்து,
பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை உரித்து
அந்த ஒன்று புள்ளி எட்டின் மேல் ஒட்டினேன்.
குளிரில் பசை பிடிக்கவில்லை.
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றேன்.